வால்யூம் வெயிட்

அப்பாவின் தராசு நூற்றைம்பது கிலோ வரை தாங்கும்.
ஷார்ஜா ரோலாவில், மொபைல் கடைக்கும் சலூனுக்கும் நடுவே
கார்கோ ஆபீஸ்.
டாங் டின், கோடாலித் தைலம், கம்பளி, பழைய டிவி
எல்லாம் ஏறும் அதில்.
கறுப்பு மார்க்கரால் அட்டையில் எழுதுவார்:
வீரபாண்டியன்பட்டினம், 42.
உவரி, 31.5.
அரைக் கிலோவுக்குச் சண்டை போட்டவர்கள்
ஒரு சோப்பை வெளியே எடுப்பார்கள்.
எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்கள்.

நான் அப்போது பத்தாம் வகுப்பு.
பெட்டி ஓரத்தில் திணிக்கும் தெர்மகோலை
உதிர்த்து உதிர்த்துப் பார்ப்பேன்.
உருண்டைக்குள் என்ன?
காற்று.
காற்றுக்கு யார் சுவர் கட்டினது?

கட்டுமான கெமிக்கல் கடையில்
சோடியம் சிலிக்கேட், ஒரு கேன்.
அடுக்களையில் வினிகர்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கலந்து வைத்தால்
விடியும்போது குலுங்கும், நோன்பு நேரத்துக் கடல்பாசி மாதிரி.
தம்பி லியாண்டர் ஸ்பூனோடு வந்தான்.
"திங்காதடா, அது கண்ணாடி."

பால்கனியில் காயவைத்தேன்.
ஜூன் வெயில். மதியத்துக்குள்
உள்ளங்கை அளவு இருந்தது
வெடித்துச் சுருங்கி உப்புக்கல் ஆனது.
பதினேழு தடவை.
நோட்டில் எழுதினேன்:
தண்ணீர் தனியாகப் போவதில்லை,
பிடித்திருக்கும் சுவரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அப்படியானால் தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட்.
மதுவே விற்காத ஊரில், பள்ளிச் சீருடையில்,
பார்மசியில் போய்
ஆறு பாட்டில் ஆல்கஹால் கேட்டேன்.
அவர் அம்மாவின் நம்பர் கேட்டார்.

பதினெட்டாவது தடவை பிரஷர் குக்கர்.
அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை.
அந்த வீட்டைக் காலி செய்த அன்று
கூரையில் இருந்த வட்டக் கறைக்காக
டெபாசிட்டில் முந்நூறு திர்ஹம் பிடித்தார்கள்.

விசாவில் 'மகள்' என்று இருந்த இடத்தில்
'ஆய்வாளர்' என்று வரப்
பதினான்கு வருடம்.
நடுவில் திருச்சி, நடுவில் ஜெர்மனி,
நடுவில் ஒரு வருடம் எதுவுமே இல்லை.

அபுதாபியில் எனக்கு ஓர் எஃகுப் பாத்திரம் உண்டு.
என் குக்கரின் படித்த அக்கா.
கரியமில வாயுவை அதில் எண்பது மடங்கு அழுத்தி
உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வைத்தால்
அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை.
அந்த நிலையில் மெதுவாகத் திறந்துவிட்டால்
எதையும் இழுக்காமல் வெளியேறுகிறது.
இந்த ஊரைவிட்டு அப்படிப் போன
யாரையும் நான் பார்த்ததில்லை.

முதல் கட்டி ஐந்து நாள் இருந்தது.
ஆகஸ்ட். ஜன்னல் வெளிப்புறம் வியர்க்கும் மாதம்.
யாரோ மூடியைச் சரியாகப் போடவில்லை.
யாரோ இல்லை, நான்தான்.
ஈரம் நுழைந்தது, கட்டி குழிந்தது.
நீர் ஒட்டாத சுவர் கட்ட இன்னும் இரண்டு வருடம்.

அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை
ரோலா போனேன். செங்கல்லைவிடப் பெரிது.
கறுப்புக் கவுண்டரில் நீலமாக இருந்தது,
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் மஞ்சள்.
அப்பா தராசில் வைத்தார்.
0.0.
தராசை ஒரு தட்டுத் தட்டினார். எடுத்து மறுபடி வைத்தார்.
0.0.

பிறகு டேப்பை இழுத்தார்.
இருபது, இருபது, பத்து.
பெருக்கினார், ஐயாயிரத்தால் வகுத்தார்.
"வெயிட் இல்லாட்டா என்ன,
இடத்தை அடைக்குதுல்ல.
பாயிண்ட் எட்டு. ஒரு கிலோவா போடணும்."

"உடையுமா?"
"உடையும்ப்பா."

கண்ணாடிக் கோப்பை படம் போட்ட ஸ்டிக்கரைக்
கிழித்து வைத்துக்கொண்டார்.
மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றி
அட்டைமேல் குனிந்தவர்
நிமிராமலே கேட்டார்:
"எந்த ஊருக்கு?"