மூன்றாவது ஓட்டை

அங்கேரிபாளையத்துச் சந்தில் டெம்போ நின்றதும்
எதிர்வீட்டு அம்மாள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார்:
"ஆருங்க? ஆருக்கு என்னாச்சுங்க?"
வெள்ளைப் பெட்டி.
இந்த ஊரில் அதற்கு ஒரே வேலைதான்.
"கறி வைக்கிற பெட்டிங்க" என்றேன்.
கொண்டையை முடிந்துகொண்டே விலை கேட்டார்.

லைன் வீடு, ஆறாம் நம்பர், துளசிமணி.
ஆறு நாள் ஓவர்லாக் மிஷின்.
ஏழாம் நாள் பள்ளிபாளையம் சிக்கன்,
பொட்டலம் போட்டு உறையவைத்து
கம்பெனிப் பிள்ளைகளுக்கு விற்கிற யோசனை.
எட்டுக் கிலோ கோழி
அன்னக்கூடையில் ஐஸோடு காத்திருந்தது.

"பிளக்கைச் சொருகுங்க."
"படுக்க வெச்சுக் கொண்டாந்ததுங்க, உள்ள ஆயில் எறங்கோணும்.
நாலு மணி நேரம் சும்மா நிக்கட்டும்."
"படுக்க வெச்சது ஆரு?"
நான் மாதையனைப் பார்த்தேன்.
மாதையன் கயிற்றைச் சுருட்டினான்.
"ரயில்வே பாலத்துக்கு அடியில நிமுந்து வராதுங்கக்கா."

சுவரைவிட்டு ஒரு சாண்.
முதுகுச் சூட்டை அது எங்காவது கொட்டியாக வேண்டும்.
அந்தச் சாணுக்காகக் கட்டில் நகர்ந்தது,
கட்டிலுக்காகப் பீரோ,
பீரோவுக்காக முருகர் படம்.
டம்ளரில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்தேன்.
கிழக்கே சாய்ந்தது.
கால் திருகை இரண்டு சுற்று.

அப்புறம் பிளக் பாயிண்ட்.
சோதனை விளக்கின் ஒரு முனையை லைனில் வைத்து
மறு முனையை மேலே பெரிய ஓட்டையில் விட்டேன்.
எரியவில்லை.
மூன்றாவது ஓட்டை, வெறும் ஓட்டை.
கழற்றிப் பார்த்தால் பச்சை ஒயர் இல்லை,
ஒரு சிலந்தி இருந்தது.

வீட்டுக்காரர் போனில்:
"பதினாறு வீட்லயும் மிக்சி ஓடுது, கிரைண்டர் ஓடுது,
உன்ற பொட்டிக்கு மட்டும் என்னப்பா?"

என்ன என்று நான் சொல்லவில்லை.
போன வருசம் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சாவு.
அந்தப் பெட்டிக்கு யாரும் நாலு மணி நேரம் தருவதில்லை.
மழை. சாமியானா ஒழுகியது.
ஒரே எக்ஸ்டென்ஷனில் டியூப் லைட்டும் அதுவும்.
தம்பியைப் பறிகொடுத்தவர்
பெட்டிமேல் கை ஊன்றி அழுதார்.
தூக்கி எறிந்தது.
துக்கம் தாங்கவில்லை என்று
முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.
நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.
அவர் எழுந்துவிட்டார்.
மாட்டியது நான்.

"எர்த் இல்லாமப் போட மாட்டனுங்க."
துளசிமணி என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.
அடுப்பைப் பற்றவைத்தாள்.

மீட்டர் போர்டில் எர்த் உயிரோடுதான் இருந்தது.
அங்கிருந்து பதினெட்டு மீட்டர் பச்சை ஒயர்.
சந்து முழுக்க வரமிளகாய் நெடி,
ஏணியில் இருமிக்கொண்டே கிளிப் அடித்தான் மாதையன்.
எட்டுக் கிலோவும் சூடாகவே விற்றுப்போனது.
எங்களுக்கும் இரண்டு தட்டு வந்தது,
அதை ஒயர் பில்லில் கழித்துக்கொண்டாள்.

ஆறரைக்கு மூன்றாவது ஓட்டையில் விளக்கு எரிந்தது.
சுவிட்சைப் போட்டேன். உறுமி, அடங்கி, ஓடியது.
"விடியற வரைக்கும் காலியா ஓடட்டுங்க."
சரி என்று பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்தாள்.
நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்குப் போன்.
"ஏனுங்க, டம்ளரை உள்ளயே உட்டுட்டுப் போய்ட்டீங்க.
தண்ணி கல்லாயிருச்சு.
மட்டமாத்தான் இருக்குதுங்க."