தலைதட்டாத சுண்டு

புதன்கிழமை வேதப்படிப்பு இந்த முறை எங்கள் காம்பராவில்.
திரைச்சீலையைத் துவைத்துக் காயப்போட்டேன்;
அந்திமழை வந்து இன்னொரு தரம் துவைத்துவிட்டுப் போனது.
புகை படிந்த சுவருக்குப் பழைய கலண்டர் தாளை ஒட்டினேன்.
வெளியே எங்கள் மலை பனிக்குள் நிற்க
உள்ளே வேறு யாரோ நாட்டுப் பனிமலை.

பங்குனி முடிகிற நேரம் அக்கரப்பத்தனையில்
எல்லாம் ஒரேயடியாகத் துளிர்க்கும்.
பீலிக்குப் பின்னால் பேரிமரம்
இலையைக் கேட்காமலே பூத்துவிட்டது.
லீக்ஸ் பாத்தியில் களை.
மகன் எபியின் கால்
தைமாதச் சப்பாத்துக்குள் அடங்கவில்லை.
கொழுந்தும் அப்படித்தான், பறித்த இடத்துக்கே
ஏழாம் நாள் திரும்பி வந்து நிற்கிறது.
அவர் கொழும்புக் கடையிலிருந்து ஈஸ்டருக்கு வருவார்,
லீவும் பஸ்ஸும் கிடைத்தால்.

வந்தது ஒன்பது பேர், கதிரை ஆறு.
உபதேசியாருக்குக் காய்ச்சல் என்று செய்தி.
சரி, ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம்,
போன வாரம் விட்ட இடத்திலிருந்து.
சட்டம் சட்டமாக அடுக்கிய பகுதி அது:
வயலை ஓரம்வரை அறுக்கக் கூடாதாம்,
சிந்தினதைப் பொறுக்கக் கூடாதாம்,
இல்லாதவருக்கு விட்டுவிட வேண்டுமாம்.
"ஓரத்துல விட்டா கங்காணி ஏசுவாரே!"
தவசீலி சொன்னதும் சிரித்தோம்.
மழை தகரத்தில் ஏறியது,
நாங்களும் குரலை ஏற்றினோம்.

தராசைப் பற்றிய வசனம்
மெற்றில்டாவின் முறைக்கு வந்து விழுந்தது.
படிக்கல் நேராக இருக்க வேண்டும்,
மரக்கால் நேராக இருக்க வேண்டும்.
அவள் புருஷன்தான் எங்கள் கொழுந்தை நிறுக்கிற கணக்கப்பிள்ளை.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு.
வெயில் பொசுக்கிய நாளிலும் ஈரத்துக்கு இரண்டு.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்கத்தான் எட்டுப் பேரும்
எவ்வளவு பாடுபட்டோம்!
ஒருத்தி கைக்குழந்தையின் சொக்ஸைக் கழற்றி
மறுபடி அதே காலில் மாட்டினாள்.
மெற்றில்டா வாசித்தாள்.
தடுமாறவில்லை, ஓடவும் இல்லை.
முடித்தபின், யாரும் கேளாமலே,
இன்னொரு தரம் வாசித்தாள்.

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, ஒளிப்பானேன்,
நன்றாக அகப்பட்டார்கள் என்கிற சந்தோஷம்.
மேசைக்கடியில் பஸ் வரைந்துகொண்டிருந்த எபி
தலையை நீட்டிக் கேட்டான்:
"மரக்கால்னா என்னம்மா?"
"நம்ம சுண்டு மாதிரிடா. அளக்கிறது."

சொன்ன வாய் மூடவில்லை,
தவசீலியிடம் கைமாற்றாக வாங்கிய அரிசி
நெஞ்சில் வந்து குந்தியது.
அவள் தந்தது குமித்து,
விரலிடுக்கெல்லாம் வழிய வழிய.
நான் திருப்பியது தலைதட்டி.
கத்தி முதுகால் வழித்தெடுத்தேன்,
அந்தச் சத்தம்கூட நினைவிருக்கிறது.

ஜெபம் முடிந்து தேத்தண்ணி குடித்தார்கள்.
மெற்றில்டா செருப்பைத் தேடிக்கொண்டே
"ரொட்டி நல்லாருந்திச்சு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வியாழன் நிறுவையில் ஒரு கிலோதான் வெட்டினார்கள்.
வசனமா, வெயிலா,
மலைமுழுக்க அதே பேச்சு.
வெள்ளிக்கிழமை பழையபடி மூன்று.

சனிக்கிழமை, பெரட்டுக்கு முன்,
சுண்டைக் குமித்து ஏந்திக்கொண்டு
மூன்று வாசல் தள்ளிப் போனேன்.
"என்னத்துக்குடி?"
"பழைய பாக்கி."
"அதத்தான் தந்துட்டியே."
"கொறையாத் தந்தேன்."
தவசீலி என்னைப் பார்த்தாள்,
பிறகு முந்தானையை விரித்துப் பிடித்தாள்.
அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

திரும்பும்போது வழியெல்லாம் அரிசி.
பொறுக்கக் குனிந்தேன்.
இரவுமழை உதிர்த்த பேரிப்பூவும் அரிசியும்
ஒரே வெள்ளையாய்க் கிடந்தன.
பீலிச் சுவரில் இரண்டு மைனாக்கள்
நான் எப்போது போவேன் என்று நின்றன.

போனேன்.