இடுப்புக்கயிறு

மற்ற பெண்களுக்கு மூன்று முடிச்சு கழுத்தில்.
எனக்கு இடுப்பில்.
வெள்ளைச் சீருடைக்குள், யாருக்கும் தெரியாமல்,
ஒரு பருத்திக் கயிறு.
அசிசியாரின் மூன்றாம் சபைக்காரி நான்;
பகலில் தோட்டத்துக் கிளினிக்கின் மிஸ்ஸி.

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
எந்தப் பெயரிலும் இந்த ஊருக்கு
லோரி சிந்திப்போன செம்பனைப் பழம்,
ஆலைப் புகையின் புளித்த நெய்வாடை.

ஏழு மணிக்கெல்லாம் உள்ளங்கைகள் வரும்.
நேபாளத்துக் கை, லொம்போக் கை,
லயத்தில் மிஞ்சிய இரண்டு தமிழ்க் கை.
நடுவில் முள்.
ஸ்பிரிட்டில் நனைத்த ஊசியால் கிளறுவேன்.
ஐந்து காயத்துக்குப் பூ வைக்கும் எங்கள் கோயிலுக்கு
இந்தக் கைகள் வந்ததில்லை.

அங்கே சொரூபத்தின் காலடியில்
காது உடைந்த ஓநாய்.
"உங்க சாமி நாய் வளர்த்தாரா?" என்பார்
எதிர் காப்பிக்கடை ஆ செங்.
விளக்கப்போய்க் குழம்பி
ஆமாம், நாய்தான் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் இருபத்து நாலு, மஹ்சுன் வந்தான்.
பூட்ஸைக் கழற்றினான். அறை முழுக்க நாற்றம்.
நான் வாசல்வரை போய்விட்டேன்.
"பெர்மிட் இல்லாமல் பார்க்க முடியாது."
விதிதான்.
ஆனால் பேசியது மூக்கு.
"தாப்பா, மிஸ்ஸி" என்று
அழுகிய காலை அதே பூட்ஸில் திணித்துக்கொண்டு போனான்.

தொழுநோயாளியைக் கண்டு குதிரையைத் திருப்பிய
துணி வியாபாரி மகனின் கதை எனக்கு மனப்பாடம்.
பிறகு இறங்கி முத்தமிட்டதும்.
இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
எனக்கு ஒன்பது.

அக்டோபர் மூன்று.
அவர் வெறுந்தரையில் உயிர்விட்ட இரவு.
மெழுகுவத்தியோடு நின்றோம், நாலே பேர்.
'சொந்தமென்று ஏதுமின்றி' என்று
மதலேன் அக்கா வாசித்த இடத்தில்
என் கைப்பை கனத்தது:
இபிஎஃப் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல்.
அவன் பாஸ்போர்ட்கூட ஏஜெண்டின் இழுப்பறையில்.
ஏழ்மைக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.
அவனிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

மோட்டாரில் மருந்துப் பெட்டி.
செம்மண் தடம், பள்ளத்துக்குப் பள்ளம்.
கொங்சிமேல் என் விளக்கு விழுந்ததும்
கதவுகள் படபடத்தன,
நிழல்கள் பனைகளுக்குள் பாய்ந்தன.
சோதனை என்று நினைத்துவிட்டார்கள்.
அடுப்பில் சோறு மட்டும் ஓடாமல் கொதித்தது.

விளக்கை அணைத்தேன்.
என்ன சொல்லிக் கூப்பிடுவது?
மிஸ்ஸி என்றா, பிளசிதா என்றா?
சோறு பொங்கியது. மூடியை எடுத்து வைத்தேன்.
அது ஒன்றுதான் செய்ய முடிந்தது.

கொசு. இன்னும் கொசு.
பிறகு மட்டைகள் நொறுங்க ஒரு நொண்டல்.
ஓட முடியாதவன் அவன் ஒருவன்தான்.

வாளியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னான்.
நான் தரையில் உட்கார்ந்தேன்.
வாளிமேல் அவன் கால்.
ஒட்டிப்போன துணியை
உப்புநீர் விட்டு விட்டுப் பிரித்தேன்.
முத்தமெல்லாம் இல்லை.
வாயால் மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

கட்டுத்துணி நிற்கவில்லை; பிளாஸ்திரியும் தீர்ந்தது.
திரும்பி நின்று கயிற்றை உருவினேன்.
முடிச்சுகள் உறுத்தாதபடி
வெளிப்பக்கம் வரச் சுற்றினேன்.

ஒவ்வொருவராய் இருட்டிலிருந்து வந்தார்கள்.
ஒருவன் சோற்றை வடித்தான்.

"இது என்ன முடிச்சு?" என்றான் மஹ்சுன்.
மலாயில் சொல்லத் தெரியவில்லை.
தமிழிலும்தான்.
வீங்கினால் தளர்த்திக்கொள் என்றேன்.