எத்தனை கட்டு?

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி?"
டாக்டர் கேட்டது தயாளனை,
சொன்னது நான்:
ஒன்றரை.
கல்யாணத்துக்கு முன்னால் எவ்வளவோ, எனக்குத் தெரியாது.

ஒன்றரையை இருபத்தாறு வருஷத்தால் பெருக்கி
படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினாள் அந்தச் சின்னப் பெண்.
ராணிப்பேட்டை சிப்காட்டில்
மஞ்சள் உப்பை மூட்டை பிடித்த பத்தொன்பது வருஷத்தை
எதனால் பெருக்குவது?
அதற்குக் கட்டமே இல்லை.

தயாளனின் மூக்கில் நடுச்சுவர் ஓட்டை.
தூசி அரித்தது.
வாலாஜா டீக்கடையில் சட்டை நூலைப் பிரித்து
இந்தத் துளையில் விட்டு
அந்தத் துளையில் எடுப்பார்.
"இன்னாபா, சர்க்கஸ்ல சேந்துடேன்!"
பந்தயத்தில் ஜெயித்த பஜ்ஜி
பேப்பரில் எண்ணெய் ஊற வீட்டுக்கு வரும்.
சிரித்துக்கொண்டே தின்றவள்தான் நானும்.

முதலில் டி.பி. என்றார்கள்.
சளியில் மூன்று தடவையும் கிருமி இல்லை.
படத்தில் நிழல் இருக்கிறதே,
எதற்கும் இருக்கட்டும், ஆறு மாசம் மாத்திரை.
மூத்திரம் ஆரஞ்சாய்ப் போனது.
நிழல் போகவில்லை.
அதற்குள் தோள்பட்டைக்கு மூன்று தைலம் மாற்றினோம்.
கம்மின குரலுக்குச் சுக்குக் கஷாயம்.
விரல் நுனிகள் முருங்கைக் கொட்டைபோல் உருண்டு
குளிக்கக் கழற்றின மோதிரம் திரும்ப ஏறவில்லை.
உடம்பு போடுகிறது என்று நினைத்தேன்.
சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம்.
அன்றைக்கே வேலூர் பஸ்.

தொண்டை வழியே குழாய் விட்டுக்
கிள்ளி எடுத்தது நொய்யரிசி அளவுதான்.
அது வாய் திறக்க ஒன்பது நாள்.
பெஞ்சில் பக்கத்தில் மால்டாவிலிருந்து வந்த ஓர் அம்மாள்,
எங்களுக்குள் பாஷை கிடையாது.
தயாளன் இருமினால் அவள் திரும்புவாள்,
அவள் வீட்டுக்காரர் இருமினால் நான்.
ஒருதரம் இரண்டு பேரும் ஒன்றாக இருமி
ஒன்றாக நிறுத்தினார்கள்.
சிரித்துவிட்டோம் இரண்டு பெண்களும்.
அப்புறம் அவள்
தன் முறுக்குப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தாள்.

இந்த நோயில் இரண்டு வகையாம்.
சிறிய செல். சிறியதல்லாத செல்.
பெரியது என்று நேராகச் சொல்ல
யாருக்கும் நாக்கு எழவில்லை போல.
இவருக்குச் சிறியதல்லாதது. மூன்றாம் கட்டம்.
கட்டம் என்ற சொல்லைக் கேட்டதும்தான்
எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது.

"அம்மா, அவர் மூக்கைப் பாருங்கள்" என்றேன்.
அந்தச் சின்னப் பெண் டார்ச் அடித்தாள்.
நூல் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் அணைக்காமலே நின்றிருந்தாள்.
பிறகு படிவத்தைத் தேடி எடுத்து
ஓரத்தில், கோடுகளுக்கு வெளியே,
எழுத்து சாய்ந்து ஓட எழுதினாள்:
குரோமியம், 19 வருஷம்.

திரும்பும்போது மேல்விஷாரத்தில் தோல் நாற்றம் ஏறியது பஸ்ஸில்.
ஜன்னலை மூடப் போனேன்.
கையைப் பிடித்து நிறுத்தினார்.
காற்றில் பாதி கரைந்த குரலில் கேட்டார்:
"அது எத்தன கட்டு ஆவுதாம்?"