காரணம் என்னும் கட்டம்

நீதிமன்றத்தின் நிலவறையில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவும் பகலும் இருமுகிறது.
பழைய வாக்காளர் பதிவேடுகளை ஸ்கேன் செய்வது என் வேலை.
தேர்தல் நெருங்கினால்
மேலே உள்ளவர்களின் வேலையும் படியிறங்கி வரும்.

மாடியில் கவுண்டிக் கூட்டம்.
"வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் என்னவென்றால்" என்று
ஹாய்ட் கேஸ்டீல் தொடங்குவார்.
"வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் என்னவென்றால்" என்று
ரெனாட்டா ஸ்கோபி எழுந்திருப்பார்.
இருவருக்கும் ஒரே பிரகடனம், ஒரே உள்நாட்டுப் போர்,
இறந்தவர்களும் அவர்களேதான்.
ஆளுக்கொரு கை பிடித்து இழுக்கிற இழுப்பில்
இறந்தவர்களின் கோட்டுப் பொத்தான்கள் தெறித்து
என் மேசையில் விழுகின்றன.
இல்லை,
கூரையின் சுண்ணாம்பு அது.

1961. எலி கடித்த மூலை.
பெயர், வயது, தொழில், முடிவு,
கடைசியில் காரணம்.
மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவைப்
பார்த்து எழுதி, பொருளும் சொல்ல வேண்டும்.
பொருள் சரிதானா என்று சொல்ல
மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு மனிதர்.

அவர் எழுத்து அழகு. சொல்லாமல் இருக்க முடியவில்லை.
ஒவ்வொரு சுழியும் வேலியில் படர்ந்த கொடி.
போதவில்லை.
போதவில்லை.
நாற்பது வரி தாண்டியதும் கை சலித்திருக்கிறது:
மேற்படி.
மேற்படி.
வெறி பிடித்த ஒரு முகத்தைத் தேடினேன்.
மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடிக்கப் பார்த்த
ஒருவர்தான் கிடைத்தார்.
பக்கத்தின் வலது ஓரத்தில் காபிக் கறை.
என் கோப்பையும் அங்கேதான் இருக்கிறது.
நகர்த்தி வைத்தேன்.

பன்னிரண்டாம் வரி:
எசெல் மேப்ரி. இருபத்திரண்டு. மர ஆலை.
எழுத்து தெளிவில்லை.

இந்தப் பெயரைக் காலையில் பார்த்திருந்தேன்,
திரையில், நிறுத்தி வைத்த தபால் வாக்குகளில்.
எசெல் மேப்ரி. எண்பத்தைந்து.
கையெழுத்து பொருந்தவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு சின்ன அம்பு;
அழுத்தினால் ஏழு காரணங்கள் இறங்கி வந்து
ஏவலுக்குக் காத்து நிற்கும்.
ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் வெளியேற முடியாது.
ஒரு சிவப்பு நட்சத்திரம் முறைக்கும்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை.
அன்று மனுப் போட்டதற்கு
மறுநாளே ஆலையின் பட்டியலிலும் பெயரை அடித்தார்கள்.
இன்று கடிதம் போகிறது. திருத்திக்கொள்ளப் பத்து நாள்.
பத்து நாள் சின்ன விஷயமில்லை.
கடிதம் போய்ச் சேர நான்கு.
அவர் மகளுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிறு மட்டும்.
ஞாயிறு எங்களுக்கு விடுமுறை.

வியாழக்கிழமை வந்தார்,
நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில்.
லிஃப்ட் பழுது. நான்தான் ஏறிப் போனேன்.
வலது கையைப் பக்கவாதம் எடுத்துக்கொண்டது என்றார்,
யாரோ இரவல் வாங்கிப் போனதைப் போல.
இடது கையால் எழுதினார்.
இன்னொரு தாள் கொடுத்தேன்.
இன்னொன்று.
மூன்றும் மூன்று மனிதர்கள்.
"இதில் உங்கள் கையெழுத்து எது, மிஸ்டர் மேப்ரி?"
"உங்கள் இயந்திரத்துக்குப் பிடித்தது எதுவோ, அது."

ஒருவர் கையெழுத்து இன்னொருவர் தலையெழுத்தாக மாறும் தூரம்
இந்த மேசையின் அகலம்தான்.
பிறகு அளந்து பார்த்தேன்.
முப்பது அங்குலம்.

கீழே ஒரு புத்தகத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று
அவரிடம் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியாததா?

மூன்று தாள்களையும் ஸ்கேனரில் வைத்தேன்.
பச்சை வெளிச்சம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு
அவரைப் போலவே நடந்து வந்தது.
காரணம் கேட்டது திரை.
ஏழில் கடைசி: பிற. விவரிக்கவும்.
இருநூறு எழுத்துகளுக்குள்.

மேலே நாற்காலிகள் மடங்கும் சத்தம்.
1961 என்று தொடங்கினேன்.
நான்கு போய்விட்டது.