ஞாயிறு

மீன் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள்.
காட் மீனின் முள்ளும் உப்புநீரும்
என் விரல்நுனிகளைக் கூழாங்கல் ஆக்கிவிட்டன.
நான் குற்றம் ஏதும் செய்யாதவள் என்று எழுதித் தர
ஈசாஃபியோர்துர் காவல் நிலையத்தில்
ரேகை கேட்கிறார்கள்.
கண்ணாடியில் விரலை அழுத்துகிறேன்.
யாரும் இல்லை
என்கிறது எந்திரம்.

"கிரீம் தடவி வச்சு, திங்கட்கிழமை வா சிக்ருன்"
என்கிறான் என் வகுப்பில் படித்த போலீஸ்காரன்.
அவனுக்கு என்னைத் தெரியும்.
லோமே நகரத்து நீதிமன்றத்துக்குத்
தெரிய வேண்டுமே.

மருத்துவச் சான்றுக்கு ஆயுள் ஆறு மாதம்,
சம்பளச் சான்றுக்கு மூன்று.
பால் பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் தேதி பார்த்துத்தான்
எங்கள் வீட்டில் காகிதங்களைத் தொடுகிறோம்.
வக்கீல் மாறினார். அப்புறம் நீதிபதி.
மொழிபெயர்ப்பில் ஆஸ்கெயிரின் பெயரிலிருந்து
ஓர் எழுத்து விழுந்துவிட்டது;
அதைத் தூக்கி நிறுத்தப் பதினான்கு வாரம்.
இன்று தபால் விமானமும் இறங்கவில்லை,
மலையிடுக்கில் காற்று.
இந்த ஒரு தாமதத்தின்மேல் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை.
காற்று என்னிடம் படிவம் கேட்டதில்லை.

இருப்பது ஒரே ஒரு படம்.
மஞ்சள் வாளி, புழுதிக் கால்கள்,
கேமராவை நம்பாத கண்கள்.
படத்தின் ஓரத்தில், அவள் தோள்மேல்,
மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு பெண்ணின் கை.
முதல் வருடம் அதை நான் பார்க்கவே இல்லை.
இப்போது அதைத்தான் பார்க்கிறேன்.
இங்கே என் மடி நிறையும் நாளில்
அந்தக் கை எதைப் பிடித்துக்கொள்ளும்?
நாற்பத்தொரு பக்க விண்ணப்பத்தில்
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பெயர் கோசிவா.
ஞாயிறன்று பிறந்தவள் என்று அர்த்தமாம்.
அங்கேயும் இங்கேயும்
எல்லா அலுவலகமும் பூட்டிக் கிடக்கும் நாள்.
இந்த ஊரிலோ வானத்து ஞாயிறே
மலைக்குப் பின்னால் போய் ஏழு வாரம்.
அது ஜனவரிக் கடைசியில் வந்துவிடும், தேதி தவறாது,
தெருவெல்லாம் அப்பம் சுடுவார்கள்.
அவளுக்குத் தேதி இல்லை.

கைக்குழந்தை இருக்கையை விற்றுவிட்டு
பெரியதொன்று வாங்கிப் பின்சீட்டில் மாட்டினோம்.
இன்று கடையிலிருந்து திரும்பும்போது
பத்து கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை
யோசிக்காமல் அதில் வைத்துவிட்டேன்.
(கடைசி அறிக்கையில் அவள் எடை பதினொன்றரை.)
வளைவு தாண்டியதும் வண்டி கத்தத் தொடங்கியது:
பின்னால் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை,
பின்னால் ஆள் இருக்கிறது.

மூட்டையைக் கீழே இறக்கியிருக்கலாம்.
ஆஸ்கெயிர் வண்டியை ஓரங்கட்டி
பனியில் இறங்கிப் போய்
அதற்கு பெல்ட் மாட்டினான்.