இரண்டாம் சாக்ஸபோனுக்கு

அட்டனில் அந்த வருஷம் சனிக்கிழமைதோறும் மழை.
கிளப் வாசலில் துரைமாரின் குடைகள் ஒழுகும்.
எங்களுக்குப் பின்வாசல்.
குசினிக்குள்ளால் நுழைந்து
வெங்காய மணத்தோடு மேடையேறுவோம், ஏழு பேர்.
சந்தியாகுவின் கோட்டு கணக்கப்பிள்ளையிடம் இரவல்,
கை குட்டை.
ட்ரம்பெட்டைத் தூக்கும்போதெல்லாம்
மணிக்கட்டு முழுசாய் வெளியே வரும்.

பிரட்டுக்குக் கொம்பூதியவன் அவன்.
விடியுமுன் ஐந்து மணிக்கு
ஆயிரம் பேரைப் பாயிலிருந்து எழுப்பி
ஆயிரம் பேரிடமும் ஏச்சு வாங்கிய உதடு.
"இது லேசு" என்பான்.
"இங்கே ஊதினா ஆடுறாங்க."

பேண்ட் நடத்திய கெல்டர்
கொழும்பிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க இசைத்தட்டில்
நடுவே ஒரு கீறல்.
ஊசி குதிக்கும் இடத்தையும் சேர்த்தே எழுதிக்கொண்டான்
கொழுந்து நிறுத்த சீட்டுகளில்:
முன்பக்கம் பேச்சாயி, பதினெட்டு ராத்தல்;
பின்பக்கம் எனக்குரிய நாலு வரி.
கீறலை ஏன் எழுதினாய் என்றேன்.
"நல்லாயிருக்கே."
துரைசானிகள் அங்கே கால் தடுக்கிச் சிரித்தார்கள்.
அடுத்த சனிக்கிழமை
தடுக்குவதற்கென்றே காத்திருந்தார்கள்.

நுவரெலியாவில் இரண்டு ஏப்ரல்.
கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல், ஒன்பது நாள்.
பிறகு ஸ்டோர்ப் படியில் விழுந்தான் என்றார்கள்,
தள்ளினார்கள் என்றும் சொன்னார்கள்.
முன்பல் இரண்டு.

பல்லில்லாத ட்ரம்பெட்காரன் என்று ஒருவன்
இருக்க முடியாது.
அதற்குப் பிறகுதான் எழுதினான், எழுதினான்,
மேடைக்குக் கீழே தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து.
பொலிஸ் பேண்டிலிருந்து வந்த கண்டிப் பையன் விமலதாச
சீட்டைப் பார்த்து மிரண்டான்:
"இவ்வளவு உயரம் மனுசன் ஊதுவானா?"
சந்தியாகு அரைப்படிகூட இறக்கவில்லை.

எனக்கோ
பதினாறு கட்டம் வெறுமை.
கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதா?
கோபத்தில் ஓரிரவு நடுவே புகுந்து ஊதினேன்.
அவன் எழுந்து வரவில்லை, திட்டவில்லை.
அடுத்த வாரச் சீட்டில்
பதினாறு முப்பத்திரண்டாகியிருந்தது.

சும்மா நின்றேன்.
நின்றதால் கேட்டது:
விமலதாசவின் உச்சிக்கு வெகு கீழே
பியானோவின் இடது கைக்குள் பதுங்கி
அந்தக் கொம்பு.
நீளமாய் ஒன்று, வெட்டி இரண்டு,
மறுபடி நீளம்.

விஸ்கி தளும்பத் தளும்ப
துரைமார் ஆடிக்கொண்டிருந்தார்கள்
பிரட்டுக்கு.

குசினிக் கதவில் நின்ற சமையல்காரர் மட்டும்
கையைத் துடைத்துக்கொண்டு
சுவரில் மணி பார்த்தார்.